அண்டார்டிகக் கரைக் குட்டையில் ஒரு மில்லிமீட்டர் உயிர்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மும்பையில் பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு உயிரியல் சொல்லிக்கொடுக்கிறேன். செம்பூர், மாட்டுங்கா, தாராவிப் பிள்ளைகள். கடல் நன்றாக உள்வாங்கும் ஞாயிற்றுக்கிழமைகளில் அவர்களைப் பாந்த்ராவின் கார்ட்டர் ரோடு பாறைகளுக்கு அழைத்துப் போவது வழக்கம். பாறைப் பள்ளங்களில் தேங்கி நிற்கும் நீரைக் காட்டி, இதே மாதிரிக் குட்டைகளில் அண்டார்டிகாவில் வாழும் ஒரு பொடி உயிரைப் பற்றிச் சொன்னால் போதும், அன்று முழுக்கக் கேள்விகள்தான். பிள்ளைகளும் கூட வரும் பெற்றோரும் திரும்பத் திரும்பக் கேட்டவற்றைப் பதிலோடு இங்கே எழுதிவைக்கிறேன்.

எந்த உயிரைப் பற்றிப் பேசுகிறோம்?

அதன் அறிவியல் பெயர் டிக்ரியோபஸ் கிங்செஜோங்கென்சிஸ். நண்டும் இறாலும் சேர்ந்த ஓட்டுடலிக் குடும்பத்தில் கோப்பிபாட் என்ற பெரிய பிரிவு இருக்கிறது, அதைச் சேர்ந்தது. முழுதாக வளர்ந்தாலும் 1 மில்லிமீட்டர் அளவுதான். கிங் ஜார்ஜ் தீவில், அதாவது அண்டார்டிகத் தீபகற்பத்தை ஒட்டிய தெற்கு ஷெட்லாந்து தீவுகளில், தென்கொரியா 1988இல் கிங் செஜோங் நிலையத்தை அமைத்தது. அந்தப் பக்கத்துக் கரைக் குட்டைகளில் கிடைத்த இதை 2014இல் புதிய இனம் என்று விவரித்தார்கள். நிலையத்தின் பெயரே இனத்தின் பெயராகவும் ஆயிற்று. செஜோங் கொரிய மொழிக்கு எழுத்து வகுத்துத் தந்த 15ஆம் நூற்றாண்டு அரசர். 2017இல் இந்த உயிரின் மரபணுத்தொகுதியும், அதாவது அதன் டிஎன்ஏ எழுத்துகள் முழுவதும், வெளியானது.

டிக்ரியோபஸ் பேரினத்தில் எல்லாமே கரைக் குட்டைவாசிகள். ஒரு சொட்டு நீரை வெள்ளைத் தட்டில் விட்டு லென்ஸ் வைத்துப் பார்த்தால் அடையாளம் தெரிந்துவிடும். தலை நடுவில் ஒரே ஒரு கண். நீந்துவது சீராக இருக்காது, வெட்டி வெட்டி நகரும். முட்டை தாங்கிய பெண்ணின் வாலடியில் ஒரு பை தொங்கும். சில சமயம் இரண்டு உயிர்கள் ஒட்டிக்கொண்டே திரியும். ஆண், இன்னும் பருவம் எய்தாத பெண்ணைக் கொடுக்குபோன்ற உணர்கொம்பால் பிடித்துக்கொண்டு, அது வளர்ந்து முடியும்வரை விடாமல் காவல் இருக்கிறது. முட்டையிலிருந்து வெளிவந்த குஞ்சு நாப்ளியஸ் என்ற முதல் குஞ்சுப் பருவத்தில் ஆறு நிலைகள், கோப்பிபோடிட் என்ற அடுத்த பருவத்தில் ஐந்து நிலைகள் கடந்துதான் முழு வளர்ச்சி அடையும். ஒவ்வொரு நிலைக்கும் ஒருமுறை தோலுரிக்க வேண்டும். இவ்வளவும் ஒரு குட்டைக்குள்ளேயே நடந்தாக வேண்டும் என்பதை மனதில் வைத்துக்கொண்டு மற்ற பதில்களைப் படியுங்கள்.

அண்டார்டிகாவில் எல்லா இடமும் குளிர்தானே? குட்டைக்கு என்ன தனிச் சிறப்பு?

இதுதான் முதலில் தெளிவாக வேண்டியது. அங்கே கடல் குளிராக இருக்கிறது. ஆனால் நிலையாக இருக்கிறது. தீபகற்பத்தை ஒட்டிய கடல்நீர் குளிர்காலத்தில் ஏறத்தாழ −1.8 டிகிரி, கோடையில் 1 அல்லது 2 டிகிரி. ஆண்டு முழுவதும் பார்த்தால் நான்கு டிகிரிக்குள் அடங்கிவிடும். நிலையான குளிருக்கு ஒருமுறை உடம்பை அமைத்துக்கொண்டால் பிறகு கவலை இல்லை.

குட்டையில் அந்த நிம்மதி கிடையாது. கடல் ஏறி மூடும்போது அது கடல்தான். நீர் இறங்கிப்போனதும் அது தனித் தொட்டி. வெயில் அடித்தால் கரும்பாறை சூட்டை இழுத்து நீரைக் கடலைவிடச் சூடாக்கும். காற்று திரும்பினால் அதே நீர் மேலே உறையத் தொடங்கும். உறையும் பனிக்கட்டி உப்பை ஏற்காது. ஆகவே அடியில் மிஞ்சும் நீர் கரிக்கும் அளவுக்கு உப்பாகும். மேட்டிலிருந்து பனி உருகி வடிந்தால் நேர்மாறு: சில மணி நேரத்தில் நீர் நன்னீர் பக்கம் சாயும். பகலில் பாசி ஒளிச்சேர்க்கை செய்து ஆக்சிஜனைக் கூட்டும். இரவில் பாசியும் பிராணிகளும் சேர்ந்து அதையே தின்றுதீர்க்கும். இதற்கு மேல் அலையோடு வரும் பனிக்கட்டிகள் பாறையைச் சுரண்டிக்கொண்டு போகும். குளிர்காலத்தில் கரையோரம் முழுக்கவே உறைந்துவிடும்.

ஆக, அங்கே சவால் வெறும் குளிர் இல்லை. குளிர், சூடு, உப்பு, நன்னீர், ஆக்சிஜன் எல்லாம் ஒரே நாளுக்குள் ஏறி இறங்குவதுதான். நம் பாந்த்ராக் குட்டைகளிலும் இதே விதிதான், திசை மட்டும் வேறு. மே மாதம் பகல் வற்றில் நீர் சுடும்; ஜூலை மழையில் கடல் இறங்கியிருக்கும் நேரம் பார்த்து வானம் கொட்டினால் உப்பு சட்டென்று இறங்கும்.

அதன் மரபணுத்தொகுதியில் என்ன கிடைத்தது?

முதலில் அளவு. தொகுத்த நீளம் ஏறத்தாழ 29.5 கோடி எழுத்து. மனிதருடையது 310 கோடிக்கு அருகில். புரதம் செய்யும் மரபணுக்கள் 12,772 என்று கணித்தார்கள். இது நமக்கு இருப்பதில் பாதியைவிட அதிகம். ஒரு மில்லிமீட்டர் உடம்புக்கு இது சாதாரண சரக்கு இல்லை.

அடுத்தது ஒப்பீடு. வேறு கணுக்காலிகளோடு வைத்துப் பார்த்தபோது, இந்த இனத்துக்கே உரிய மரபணுக்கள் இரண்டு வேலைகளில் குவிந்திருந்தன: பொருள்களைச் செல்லுக்குள்ளும் வெளியிலும் கடத்துவது, வளர்சிதை மாற்றம். அப்புறம், கொரியா, ஜப்பான் கரைக் குட்டைகளில் வாழும் உறவினமான டிக்ரியோபஸ் ஜப்பானிகஸோடு சேர்த்துப் பார்த்ததில், வேகமாக மாறியிருக்கும் மரபணுக்களில் ஆற்றல் தயாரிப்பு தொடர்பானவை மேலே வந்தன. இயற்கைத் தேர்வு அவற்றில் கைவைத்திருக்கிறது என்பதற்கான தடயமும் இருந்தது.

பிள்ளைகள் "குளிர் மரபணு" ஒன்று கிடைத்திருக்கும் என்று எதிர்பார்த்து வருகிறார்கள். அப்படி ஒன்று இல்லை. செல்லுக்கு ஆற்றல் தரும் பழைய இயந்திரத்தில்தான் ஆங்காங்கே சின்னச் சின்னத் திருத்தங்கள். எனக்கு இது ஒரு புது மரபணு கிடைத்ததைவிடப் பெரிய செய்தியாகப் படுகிறது. ஏன் என்று கீழே வருகிறது.

ஒரு எச்சரிக்கையும் சேர்க்க வேண்டும். அந்த 2017 வாசிப்பு சிறு துண்டுகளைச் சேர்த்து ஒட்டியது. 27,823 கோவைகளாகத்தான் நிற்கிறது, குரோமோசோம் குரோமோசோமாக இல்லை. இப்படிப்பட்ட தொகுப்பில் "இந்த மரபணு இருக்கிறது" என்று சொல்வதை நம்பலாம். "இந்த மரபணு இல்லை" என்று யாராவது சொன்னால் ஒருமுறைக்கு இருமுறை யோசிக்க வேண்டும். துண்டுகளுக்கு நடுவே விட்டுப்போயிருக்கக்கூடும்.

இயற்கைத் தேர்வு கைவைத்தது என்று எழுத்துகளைப் பார்த்து எப்படிச் சொல்ல முடியும்?

நல்ல கேள்வி, தேர்வுக்கு வராத பகுதி என்பதால் பிள்ளைகள் தாண்டிப் போய்விடுகிறார்கள். கொஞ்சம் பொறுமையாகப் பார்ப்போம்.

மரபணுவில் மூன்று மூன்று எழுத்தாகப் படித்தால் ஒவ்வொரு மூன்றுக்கும் ஓர் அமினோ அமிலம், அதாவது புரதச் சங்கிலியின் ஒரு கண்ணி. கிளைசினை எடுத்துக்கொள்ளுங்கள். அதற்கு நான்கு குறிகள். முதல் இரண்டு எழுத்து நான்கிலும் ஒன்றே. மூன்றாவது எழுத்து எதுவாக மாறினாலும் வருவது கிளைசின்தான். இப்படி புரதத்தைத் தொடாத மாற்றத்தை ஊமை மாற்றம் என்று வைத்துக்கொள்வோம். முதல் எழுத்தோ இரண்டாவதோ மாறினால் வேறு அமினோ அமிலம் வந்து உட்காரும், புரதம் மாறும்.

ஊமை மாற்றங்களைப் பெரும்பாலும் யாரும் தடுப்பதில்லை. காலம் போகப்போகச் சேர்ந்துகொண்டே இருக்கும். அது ஒரு கடிகாரம் மாதிரி அளவுகோல் தருகிறது. புரதத்தை மாற்றும் மாற்றங்களோ பெரும்பாலும் கெடுதல்; இயற்கைத் தேர்வு அவற்றைக் களைந்துவிடும். எனவே சாதாரணமாக இரண்டாவது வகையின் வேகம் முதல் வகையைவிட மிகக் குறைவு. ஒரு மரபணுவிலோ அதன் ஒரு பகுதியிலோ இது தலைகீழாகி, புரதத்தை மாற்றும் வகை ஊமை வகையை மிஞ்சினால், அங்கே மாற்றமே பிழைப்புக்கு உதவியிருக்கிறது என்று பொருள். இதைத்தான் நேர்மறைத் தேர்வின் தடயம் என்கிறார்கள்.

தடயம்தான், நிரூபணம் இல்லை. மாறிய புரதத்தைச் செய்து, குளிரில் அது உண்மையிலேயே வேகமாக வேலை செய்கிறதா என்று பரிசோதனைக் குழாயில் பார்த்தால்தான் வழக்கு முடியும். துருவ உயிர்களைப் பற்றிய பல செய்திகள் தடயத்தோடு நின்றுவிட்டு, "மர்மம் விலகியது" என்று தலைப்புப் போட்டுக்கொள்கின்றன. பிள்ளைகளிடம் இந்த வித்தியாசத்தை நான் விடாமல் வலியுறுத்துவேன்.

குளிருக்கும் ஆற்றல் மரபணுக்களுக்கும் என்ன சம்பந்தம்?

இரண்டு படிகளில் சொல்கிறேன்.

வெப்பம் 10 டிகிரி குறைந்தால் உயிர்வேதி வினைகளின் வேகம் ஏறத்தாழ பாதியாகும். இந்த உயிருக்கு உடம்புச் சூடு என்று தனியாக ஒன்று இல்லை. நீர் எத்தனை டிகிரியோ அதுவே உடம்பும். செல்லுக்குள் ஆற்றலை உண்டாக்கும் மைட்டோகாண்ட்ரியாவும் அதே கதியில் மந்தமாகும். ஆனால் செலவு குறைவதில்லை. உப்பு ஏறினால் வெளியேற்ற, இறங்கினால் உள்ளிழுக்க, கெட்ட புரதத்தைச் சரிசெய்ய, தோலுரிக்க, முட்டை வைக்க, எல்லாவற்றுக்கும் ஆற்றல் வேண்டும். வரவு பாதி, செலவோ அப்படியே. அந்த நெருக்கடி ஆயிரமாயிரம் தலைமுறை நீடித்தால் ஆற்றல் இயந்திரத்தில்தான் தேர்வின் கை விழும். 2017 ஆய்வில் கண்டது இந்த எதிர்பார்ப்போடு பொருந்துகிறது.

இரண்டாவது படி இன்னும் சுவையானது. மைட்டோகாண்ட்ரியாவுக்குச் சொந்தமாக ஒரு குட்டி மரபணு வளையம் உண்டு. விலங்குகளில் பொதுவாக 13 புரதங்களுக்கான குறி அதில் இருக்கும். ஆனால் ஆற்றல் உண்டாக்கும் அமைப்பின் மற்ற உறுப்புகள் எல்லாம் செல் உட்கருவில் இருக்கும் மரபணுக்களிலிருந்து வருகின்றன. இரண்டு இடத்திலிருந்து வரும் உறுப்புகளும் கச்சிதமாகப் பொருந்த வேண்டும். மைட்டோகாண்ட்ரியா தாய்வழியாக மட்டும் வரும், வேகமாக மாறும். அதற்கு ஈடுகொடுத்து உட்கருவும் மாறியாக வேண்டும்.

இதை அழகாகக் காட்டியது துருவ இனம் அல்ல, அதன் கலிபோர்னியா உறவினம் டிக்ரியோபஸ் கலிபோர்னிகஸ். ரொனால்ட் பர்ட்டன் என்ற அறிவியலாளரும் அவரோடு பணிபுரிந்தவர்களும் பல ஆண்டுகள் இதைத் தோண்டினார்கள். வெவ்வேறு பாறைக் கரைகளின் உயிர்களைக் கலந்தால் முதல் தலைமுறை நன்றாகவே இருக்கிறது. இரண்டாம் தலைமுறையில் கலப்பு கலைந்து, தாயின் மைட்டோகாண்ட்ரியாவோடு பொருந்தாத உட்கரு மரபணுக்கள் சில குஞ்சுகளுக்கு வந்துசேர்கின்றன. அவற்றில் ஆற்றல் உற்பத்தி படுத்துவிடுகிறது. வளர்ச்சியும் முட்டையும் குறைகின்றன. அந்தக் கலப்பினத்தைத் தாய்வழிக் கூட்டத்தோடு மறுபடி சேர்த்தால் பிழைத்துக்கொள்கின்றன; தந்தைவழிக் கூட்டத்தோடு சேர்த்தால் தேறுவதில்லை. குற்றவாளி யார் என்பதற்கு இதைவிடத் தெளிவான சாட்சி வேண்டுமா?

ஆகவே ஆற்றல் மரபணுக்களில் ஒன்று மாறினால் அது தனியாக நிற்காது. ஜோடியையும் இழுத்துக்கொண்டு மாறும். குளிர்த் தகவமைப்பு ஒரு பொத்தானில் அடங்காமல் நிறையச் சிறு திருத்தங்களாக இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன்.

ரத்தம் உறையாமல் இருக்க உடம்பில் ஏதாவது மருந்து இருக்குமா?

அண்டார்டிக மீன்களுக்கு உண்டு. 1960களில் ஆர்தர் டிவ்ரீஸ் அந்த மீன்களின் ரத்தத்தில் உறைதடுப்புப் புரதத்தைக் கண்டுபிடித்தார். அது பனித்துகளில் ஒட்டிக்கொண்டு துகள் வளராமல் தடுக்கிறது. 1997இல் அதன் மூலமும் தெரிந்தது: செரிமானத்துக்கான டிரிப்சினோஜன் மரபணுவின் ஒரு துணுக்கிலிருந்து வளர்ந்த புது மரபணு.

ஓட்டுடலிகளின் கதை வேறு. மீனின் ரத்தத்தில் கடலைவிட உப்பு குறைவு. அதனால் கடல் உறையாத −1.9 டிகிரியிலும் மீன் ரத்தம் உறைந்துபோகும் ஆபத்து உண்டு, தடுப்பு தேவைப்பட்டது. கடலில் வாழும் பெரும்பாலான முதுகெலும்பில்லாத உயிர்களின் உடல்நீர் கடலளவு செறிவிலேயே இருக்கிறது. கடல் உறையாதவரை அவையும் உறையா. அதனால் வெறும் கடல்நீரில் அவற்றுக்கு இந்த மருந்து தேவையில்லை.

பனிக்கட்டிக்கு உள்ளேயே குடியிருந்தால்? அங்கே ஒரு விந்தை இருக்கிறது. ஸ்டீபோஸ் லாங்கிப்பெஸ் என்ற அண்டார்டிக கோப்பிபாட் கடற்பனியின் நுண்ணிய உப்புநீர்க் கால்வாய்களில் வாழ்கிறது. அதனிடம் உறைதடுப்புப் புரத மரபணு இருக்கிறது. அது பனியில் வளரும் நுண்பாசிகளின் மரபணுவைப் போலவே இருப்பதால், பாசியிடமிருந்து தாவி வந்திருக்கலாம் என்று 2010இல் வெளியான ஆய்வு சொன்னது. பெற்றோரிடமிருந்து வராமல், பக்கத்து வீட்டுப் பாசியிடமிருந்து ஒரு மரபணு! விலங்குகளில் இது அரிது என்பதால் ஆய்வின் தலைப்பிலேயே கேள்விக்குறி போட்டிருந்தார்கள். அந்தக் கவனம் பாராட்டத்தக்கது.

உப்பு ஏறி இறங்குவதை எப்படித் தாங்குகிறது?

வெளியே உப்பு கூடினால் செல்லிலிருந்து நீர் வெளியேறிச் சுருங்கிவிடும். டிக்ரியோபஸ் அப்போது புரோலின், அலனின் போன்ற அமினோ அமிலங்களைச் செல்லுக்குள் சேர்த்துக்கொள்கிறது. இவை செல்லின் மற்ற வேலைகளைக் கெடுக்காமல் செறிவை மட்டும் ஈடுகட்டும். உப்பு இறங்கினால் அவற்றைக் கழித்துவிடும். செய்வதும் கழிப்பதும் செலவுதான். மறுபடி கணக்கு ஆற்றலில் வந்து நிற்கிறது.

செல் சவ்வு குளிரில் விறைத்துப்போகாதா?

போகும், மாற்றிக்கொள்ளாவிட்டால். ஜனவரி காலையில் முலுண்டு பக்கம் சமையலறையில் தேங்காய் எண்ணெய் பாட்டிலில் உறைந்திருக்கும், பக்கத்திலேயே நல்லெண்ணெய் ஓடிக்கொண்டிருக்கும். தேங்காய் எண்ணெயில் நிறைவுற்ற கொழுப்பு அதிகம், நல்லெண்ணெயில் நிறைவுறாதது அதிகம். குளிர்ந்த நீரில் வாழும் பிராணிகள் தங்கள் சவ்வில் நிறைவுறாத கொழுப்பைக் கூட்டி அதை நெகிழ்வாக வைத்துக்கொள்கின்றன.

என் பையன் டில்லிக்கு வேலைக்குப் போய் இரண்டே குளிர்காலத்தில் பழகிவிட்டான். இந்த உயிரும் அப்படித்தான் பழகியதா?

இல்லைங்க. உங்கள் பையனுக்கு நடந்தது பழக்கம். அவர் மரபணு எழுத்து ஒன்றுகூட மாறவில்லை; உடம்பு தன்னிடம் ஏற்கெனவே இருந்ததைக் கூட்டிக் குறைத்துக்கொண்டது. நாளைக்கு அவருக்குப் பிறக்கும் குழந்தை மும்பையில் பிறந்தால் குளிர் தாங்கும் குழந்தையாகப் பிறக்காது.

தகவமைப்பு தலைமுறைகளில் நடப்பது. எழுத்தில் தற்செயலாக மாற்றங்கள் வந்துகொண்டே இருக்கின்றன. குளிர் வேண்டும் என்று எந்த மாற்றமும் வருவதில்லை. வந்தவற்றில் எது கூடுதல் குஞ்சுகளைப் பிழைக்க வைத்ததோ அது பரவியது. அண்டார்டிகாவைப் பெரும் பனிப்படலம் மூடத் தொடங்கி ஏறத்தாழ 3.4 கோடி ஆண்டுகள் ஆகின்றன; கண்டத்தைச் சுற்றி ஓடும் பெரும் நீரோட்டம் அதன் கடலை மற்ற கடல்களிலிருந்து ஒதுக்கிவைத்தது.

குட்டை உயிரிடம் இரண்டும் உண்டு என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். காலையில் நீர் சூடேறும்போது சில மரபணுக்களை முடுக்கிவிடுவது பழக்கம் போன்றது. அப்படி முடுக்கும் திறனே அதன் மரபில் வந்தது.

மரபணுத்தொகுதி பெரிதாக இருந்தால் குளிரைத் தாங்குவது எளிதா?

தொடர்பில்லை. அண்டார்டிக கிரில் இறாலின் மரபணுத்தொகுதி 2023இல் வெளியானது: 4,800 கோடி எழுத்து, மனிதரைப்போல 15 மடங்கு. அதில் பெரும்பகுதி தன்னைத்தானே நகலெடுத்துக்கொண்டு பரவும் துண்டுகள். அதே அண்டார்டிகாவில் நம் குட்டை உயிர் 29.5 கோடியோடு வாழ்கிறது. கலிபோர்னிய உறவினத்துக்கு 19 கோடி அளவுதான்.

பூமி சூடாகிறதே, துருவக் குட்டை உயிர்களுக்கு அது நல்லதுதானே?

இந்தக் கேள்வியை யாராவது கேட்காமல் ஒரு ஞாயிறும் முடிந்ததில்லை. கேட்பவர்கள் நல்லெண்ணத்தோடுதான் கேட்கிறார்கள். ஆனால் பதில் நல்ல செய்தி இல்லை.

மேற்கு அண்டார்டிகத் தீபகற்பத்தில் 20ஆம் நூற்றாண்டின் பின்பாதியில் மட்டும் காற்றின் வெப்பம் ஏறத்தாழ 3 டிகிரி கூடியது. 1990களின் இறுதியிலிருந்து கொஞ்ச காலம் ஏற்றம் தணிந்ததும் உண்டு. ஆனாலும் நீண்ட காலப் போக்கு ஏறுமுகம்தான். குளிருக்கென்று திருத்திய இயந்திரம் சூட்டுக்கு ஒத்துவராது. குளிரில் வேலை செய்யும்படி நெகிழ்வாக இருக்கும் நொதிகள் பொதுவாகச் சூட்டில் சீக்கிரம் குலைகின்றன.

புரதம் குலைந்தால் தூக்கி நிறுத்த எல்லா உயிர்களிலும் வெப்ப அதிர்ச்சிப் புரதங்கள் இருக்கின்றன. சூடு ஏறினால் அவை அதிகமாக உற்பத்தியாகும். டிரெமாட்டோமஸ் பெர்னாக்கி என்ற அண்டார்டிக மீனோ சூடுபட்டாலும் அவற்றைக் கூட்டுவதில்லை என்று 2000இல் தெரியவந்தது. கோடிக்கணக்கான ஆண்டு நிலையான குளிரில் அந்த முடுக்கி தேவைப்படாமல் தொலைந்திருக்கிறது. கரைப்பாறை உயிர்கள் அப்படியில்லை. நாசெல்லா கன்சின்னா என்ற, பாறையில் ஒட்டி வாழும் அண்டார்டிகக் கடல் நத்தை, கடல் வற்றிய நேரத்தில் 3 டிகிரியைச் சற்றுத் தாண்டினாலே இந்தப் புரதங்களை முடுக்குகிறது என்று 2008இல் காட்டினார்கள். நமக்கு ஃபிரிட்ஜ் குளிர். அதற்கு அது வெயில். கரையில் வாழ்பவை ஏற்ற இறக்கத்துக்குப் பழகியவை என்பதால் நடுக்கடல் அண்டை வீட்டாரைவிடக் கொஞ்சம் கூடுதல் தாங்கும் என்பது என் கணிப்பு.

கொஞ்சம்தான். 2012இல் வெளியான ஒரு சோதனையை இங்கே சொல்லியாக வேண்டும். கலிபோர்னிய டிக்ரியோபஸை, வட அமெரிக்க மேற்குக் கரையின் எட்டு இடங்களிலிருந்து எடுத்து, ஆய்வகத்தில் 10 தலைமுறை சூட்டில் தேர்ந்தெடுத்து வளர்த்தார்கள். சூடு தாங்கும் எல்லை சராசரியாக அரை டிகிரிதான் கூடியது. தெற்குக் கரைக் கூட்டங்களுக்கும் வடக்குக் கரைக் கூட்டங்களுக்கும் இயற்கையிலேயே இருக்கும் வித்தியாசத்தை எட்டக்கூட முடியவில்லை. இனம் முழுவதையும் சேர்த்துப் பார்த்தால் வகை வகையான மரபணுக்கள் இருக்கின்றன. ஆனால் ஒரு கரையின் கூட்டத்துக்குள் கொஞ்சம்தான் இருக்கிறது. பக்கத்துப் பாறைக்கும் இதற்கும் இடையே போக்குவரத்து மிகக் குறைவு. வடக்கே தவிக்கும் கூட்டத்துக்குத் தேவையான மரபணு தெற்கே இருக்கிறது. வந்துசேர வழி இல்லை. அப்படியே வந்தாலும் முன்னே சொன்ன மைட்டோகாண்ட்ரியாப் பொருத்தச் சிக்கல் குறுக்கே நிற்கும்.

கலிபோர்னியாவில் தெற்கு என்று ஒரு சூடான பக்கமாவது இருக்கிறது. அண்டார்டிக இனத்துக்கு இன்னும் குளிர்ந்த இடம் தேடித் தெற்கே போக வேண்டுமென்றால் கரையே பெரும்பாலும் பனிச்சுவர். இதைச் சொல்லும்போது எனக்கு உண்மையிலேயே வருத்தமாக இருக்கும். ஒரு மில்லிமீட்டர் உயிர்தானே என்று பிள்ளைகள் விட்டுவிடுவதில்லை என்பது ஆறுதல்.

நம் நாட்டு அண்டார்டிக நிலையங்களில் இதைப் படிக்க முடியுமா?

இந்தியாவுக்கு இப்போது அங்கே இரண்டு நிலையங்கள். 1989இல் வந்த மைத்ரி, ஷிர்மாக்கர் பாறைச்சோலையில், கடலிலிருந்து ஏறத்தாழ 100 கிலோமீட்டர் உள்ளே இருக்கிறது. கரைக் குட்டைக்கு அங்கே இடமில்லை. நன்னீர் ஏரிகள் உண்டு. 2012இல் தொடங்கிய பாரதி, லார்ஸ்மன் குன்றுகளில் கடலோரத்திலேயே இருக்கிறது, ஆனால் 69 டிகிரி தெற்கில். 62 டிகிரியில் இருக்கும் கிங் ஜார்ஜ் தீவைவிட அங்கே பனி கடுமை. வட துருவப் பக்கம் ஸ்வால்பார்டில் 2008 முதல் ஹிமாத்ரி நிலையம் இருக்கிறது. எல்லாவற்றையும் நடத்துவது கோவாவின் வாஸ்கோவில் உள்ள தேசிய துருவ, பெருங்கடல் ஆராய்ச்சி மையம். கடல் உயிரியல், நுண்ணுயிரியல், மரபணுத் தரவு ஆய்வு இவற்றில் ஏதாவது முதுகலை முடித்தவர்களுக்கு இத்துறையில் வழி திறக்கும். கணினியில் மரபணு எழுத்துகளை ஒப்பிடும் வேலைக்கு அண்டார்டிகா போகக்கூட வேண்டாம். 2017 மரபணுத்தொகுதி யாரும் எடுத்துப் படிக்கும்படி திறந்தே இருக்கிறது.

பள்ளி பிராஜெக்டுக்கு மும்பையிலேயே என்ன செய்யலாம்?

ஏற்ற இறக்கத்தை அளந்து பாருங்கள். அதுதான் இந்த விஷயத்தின் அடிப்படை. கரைக்கு அருகில் உயரமான பாறையில் ஒரு குட்டை, கடலோரத்தில் தாழ்வாக ஒரு குட்டை, இரண்டையும் தேர்ந்தெடுத்து போனில் படமெடுத்து வைத்துக்கொள்ளுங்கள். நீர் இறங்கி அவை தனித்துப்போனதும் அரை மணிக்கு ஒருமுறை வெப்பத்தையும் உப்பையும் குறியுங்கள். மீன் தொட்டிக் கடைகளில் கிடைக்கும் உப்புமானி போதும். உயரத்துக் குட்டைதான் அதிக நேரம் தனித்திருக்கும்; அதில்தான் எண்கள் அதிகம் ஏறி இறங்கும். பிறகு இரண்டு குட்டையிலும் பாறைப் பாசியை மெல்ல அலசி, சொட்டுச் சொட்டாக வெள்ளைத் தட்டில் விட்டு லென்ஸில் பாருங்கள். வெட்டி வெட்டி நகரும் பொடி உயிர்கள் தெரிந்தால் எண்ணிக் குறித்துக்கொண்டு, எடுத்த அதே குட்டையில் விட்டுவிடுங்கள். வீட்டுக்குப் பாட்டிலில் கொண்டுபோக வேண்டாம். மூடிய பாட்டிலில் ஆக்சிஜன் தீர்ந்து செத்துவிடும்.

அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் கடல் நன்றாக இறங்கும். ஓத அட்டவணை பார்த்து, மிகத் தாழ்ந்த நேரத்துக்கு ஒரு மணி நேரம் முன்பே போய்விடுங்கள். பிடிப்புள்ள ஷூ போடுங்கள். ரப்பர் செருப்பு பாசியில் வழுக்கும். அந்த நீரில் சாக்கடையும் கலக்கிறது, ஆகவே கையில் காயம் இருந்தால் கையுறை, முடிந்ததும் சோப்பு. மழைக்காலத்தில் போகவே வேண்டாம். மற்ற மாதங்களிலும் கடல் திரும்பியதும் குறிப்பேட்டை மூடிக் கரையேறிவிடுங்கள். பாறைகளுக்கு நடுவே உள்ள தாழ்வான வழிகளில்தான் நீர் முதலில் புகும். முன்னால் குட்டையையே பார்த்துக்கொண்டிருந்தால் பின்னால் வழி மூடியது தெரியாது. பெரியவர் ஒருவர் கரையைப் பார்த்தபடி நிற்கட்டும்.